பதுளையிலிருந்து ஏற்றிய பிறகு யார் பார்த்துக்கொள்வது?

தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து மடுவத்தில் ஒரு நாளைக்கு மூன்று தடவை நிறுவை நடக்கும்: காலை, பகல், அந்தி. கணக்கப்பிள்ளை கிலோவைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவார். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கொஞ்சம் கழிப்பார். மூன்றையும் கூட்டிப் பார்த்தால்தான் அன்றைக்கு முழுப்பேரா (முழுநாள் சம்பளம்), அரைப்பேரா என்பது தெரியவரும். முழுப்பேருக்கான அளவு 16, 18, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும்.

இந்தக் கொப்பியை ஒரு வலைச்செயலியாக எழுதுவது கணினி விஞ்ஞானம் படிக்கும் ஒரு மாணவருக்குப் பெரிய வேலையல்ல. பெயர், திகதி, மூன்று எடைகள், கழிவு, மொத்தம். பைதன் மொழியில் ஃபிளாஸ்க் சட்டகத்தை வைத்து எழுதினால் சில நூறு வரிகளுக்குள் அடங்கிவிடும். 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையிலேயே, பசறை வீதியில் இருக்கிறது. கணினி விஞ்ஞானமும் தொழினுட்பமும் அங்கே பட்டப் பாடம். ஆகவே எழுதுவதற்கு ஆளில்லை என்று இனிச் சொல்ல முடியாது. எழுதியதை மடிக்கணினியிலிருந்து எடுத்து, மடுல்சீமையிலும் பூனாகலையிலும் இருப்பவர் தன் கைத்தொலைபேசியில் திறக்கும்படி ஓர் இணைய முகவரியில் நிறுத்துவதைத்தான் மென்பொருள்காரர் ‘டிப்ளோய்’ என்கிறார்கள். அந்த வேலை இன்று பத்து நிமிடத்தில் முடிகிறது. அதற்குப் பிந்திய பத்து மாதங்களைப் பற்றிப் பாடநூல்கள் ஒன்றிரண்டு பக்கங்களோடு நிறுத்திக்கொள்கின்றன. ஊவாவைப் போன்ற ஓர் இடத்தில் செயலிகள் பிழைப்பதும் சாவதும் அந்தப் பத்து மாதங்களில்தான்.

முதலில் எழும் கேள்வி நியாயமானது. மேகக் கணிமை, அதாவது அடுத்தவரின் கணினியை இணைய வழியே வாடகைக்கு எடுப்பது, எதற்கு? வீட்டிலேயே ஒரு பழைய கணினியை இரவும் பகலும் ஓடவிட்டால் என்ன? 2022 மார்ச் இறுதியில் நாடு ஒரு நாளில் 13 மணி நேர மின்வெட்டைக் கண்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் தீவு முழுவதும் இருண்டது. ஊவாவில் இவற்றோடு ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் அந்தி நேரத்து இடியும் சேர்ந்துகொள்ளும். போதாதற்கு, கைத்தொலைபேசி வலையமைப்பு ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளருக்குப் பங்கிட்டுக் கொடுப்பதால் வெளியிலிருந்து வீட்டுக் கணினியை நேரே எட்டுவதே சிக்கல். வீட்டுச் சேர்வர் பயிற்சிக்கு நல்லது. சம்பளக் கணக்கை நம்பி வைக்க முடியாது.

அடுத்தவரின் கணினியை வாடகைக்கு எடுக்கும் இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகமில்லை. அமேசன் 2006இல் தன் கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. ஆனால் அது வெறும் இயந்திரம்தான். இயங்குதளத்தைப் பராமரிப்பதிலிருந்து பாதுகாப்பு வரை எல்லாம் எடுத்தவர் தலையில். 2007இல் தோன்றிய ஹெரோக்கு வேறொரு வழியைக் காட்டியது. நிரலை ‘கிட்’ என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி வழியாகத் தள்ளிவிட்டால் போதும், மீதியைத் தளமே பார்த்துக்கொள்ளும். 2008இல் கூகுள் ‘அப் எஞ்சின்’ வந்தது. 2013இல் வந்த டொக்கர், செயலியையும் அதற்குத் தேவையான அனைத்தையும் ஒரே பொதியாகக் கட்டும் முறையைப் பரவலாக்கியது.

இந்தக் கதையில் இலங்கைக்கும் ஒரு பக்கம் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கொழும்பில் வேர்கொண்ட டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனம் ‘ஸ்ட்ராட்டோஸ்’ என்ற பெயரில் இப்படியொரு தளத்தை உருவாக்கி, 2013இல் அதை அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்தது. இப்போது அதே நிறுவனம் ‘கொரியோ’ என்ற தளத்தை நடத்துகிறது. தளம் கட்டும் திறமை நாட்டில் இருந்தது, இருக்கிறது. அது பதுளை வரை ஏறிவர ரயிலைவிட அதிக நேரம் எடுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்றைய தளங்களில் நடப்பது ஏறக்குறைய ஒன்றே. நிரல் கிட்ஹப் என்ற இணையக் களஞ்சியத்தில் இருக்கும். ரெண்டர், ரெயில்வே, ஹெரோக்கு என்று ஏதாவதொரு தளத்தில் கணக்குத் திறந்து அந்தக் களஞ்சியத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். தளம் நிரலை இறக்கி, தேவைப்பட்டியலில் உள்ள நூலகங்களை நிறுவி, தொடக்கக் கட்டளையை ஓட்டி, தன் பெயரோடு ஒட்டிய ஒரு முகவரியைக் கொடுக்கும். முகவரிக்கு முன்னால் பூட்டுப் படமும் தானாகவே வந்துவிடும். ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்ததிலிருந்து பாதுகாப்புச் சான்றிதழுக்குக் காசு கொடுக்கும் காலம் முடிந்துவிட்டது. அது வரையில் மகிழ்ச்சிதான்.

மடிக்கணினியில் ஓடியது அங்கே ஓடாமல் போவதற்கு வழக்கமான காரணங்கள் சில. ஃபிளாஸ்க்கோடு வரும் சிறு சேர்வர் எழுதிப் பார்ப்பதற்கு மட்டுமே. அதைத் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் அதுவே அந்த எச்சரிக்கையைச் சொல்கிறது, யாரும் படிப்பதில்லை. வெளியில் ஓட ‘கூனிகோர்ன்’ போன்ற ஒன்று வேண்டும். செயலி எந்தத் துறை எண்ணில் (‘போர்ட்’) காதைக் கொடுக்க வேண்டும் என்பதைத் தளம் ஒரு சூழல் மாறியில், அதாவது நிரலுக்கு வெளியே வைக்கும் மதிப்பில், சொல்லும். மாணவர் 5000 என்று நிரலில் எழுதி வைத்திருப்பார். தளம் கொஞ்ச நேரம் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுச் செயலி இறந்துவிட்டது என்று முடிவு கட்டும். பிழைதிருத்தும் நிலையை அணைக்காமல் ஏற்றினால் ஆபத்து வேறு வகை. பிழை தோன்றும் பக்கத்திலிருந்தே வெளியாள் ஒருவர் சேர்வரில் கட்டளைகளை ஓட்டிப் பார்க்க வழி திறந்துவிடும்.

கடவுச்சொற்களை நிரலோடு சேர்த்துக் கிட்ஹப்பில் பகிரங்கமாக வைப்பது இன்னொன்று. அமேசன் கணக்கின் திறவுச்சொல் அப்படி வெளியே வந்தால் அதையே தேடித் திரியும் தானியங்கிகள் சில நிமிடங்களில் கண்டெடுத்து, அந்தக் கணக்கில் கிரிப்டோ நாணயச் சுரங்கம் தோண்டத் தொடங்கிவிடும். மாத இறுதியில் பட்டியல் டொலரில் வரும்.

ஆனால் இவை எல்லாம் முதல் நாளிலேயே முகத்தில் அடிக்கும் பிழைகள். பிழை தெரிந்தால் திருத்திவிடலாம். தெரியாமல் இருந்து கெடுக்கும் பிழை ஒன்று உண்டு. எஸ்கியூலைட் என்னும் தரவுத்தளம் ஒரே ஒரு கோப்பு. நிறுவத் தேவையில்லை, கடவுச்சொல் இல்லை, கல்லூரிப் பயிற்சிகள் பெரும்பாலும் அதிலேயே நடக்கும். மேகத் தளங்களில் செயலிக்குக் கிடைக்கும் வட்டு நிரந்தரமானதல்ல. புதிய பதிப்பை ஏற்றும்போது பழைய இயந்திரத்தை எறிந்துவிட்டுப் புதியதைத் தொடங்குவார்கள். ஹெரோக்கு ஏற்றாவிட்டாலும் நாளுக்கு ஒரு தடவையாவது இயந்திரத்தை மாற்றிவிடும். வட்டில் எழுதிய கோப்பு அதோடு போகும். கொழுந்துக் கணக்கை அப்படி ஏற்றினால் திங்கட்கிழமை பதிந்த எடைகள் செவ்வாய்க்கிழமை இருக்காது. செயலி மட்டும் எந்தக் குறையும் காட்டாமல், வெறும் அட்டவணையோடு, அழகாகத் திறக்கும். பிழைச் செய்திகூட வராது. இதற்கு மருந்து, போஸ்ட்கிரெஸ் போன்ற தனித் தரவுத்தளத்தை வேறாக எடுத்து அதன் முகவரியைச் சூழல் மாறியாகக் கொடுப்பது. அதிலும் கவனம் வேண்டும். ரெண்டர் தளத்தின் இலவசப் போஸ்ட்கிரெஸ் 30 நாளில் காலாவதியாகும். ஒரு சம்பள மாதத்துக்கே போதுமோ போதாதோ என்ற ஆயுள்.

இதுவரை சொன்னது உலகில் எங்கே இருந்து ஏற்றினாலும் பொருந்தும். மலையகத்துக்கென்று சில சங்கதிகள் தனியாக உண்டு.

முதலாவது, பாமினி. இலங்கைத் தமிழ் அலுவலகங்களில், பாடசாலைகளில், தோட்டக் காரியாலயங்களில் இருக்கும் பெயர்ப் பட்டியல்கள் பல இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். எக்செல் தாளிலிருந்து அப்படியே எடுத்து ஏற்றினால் வலைப்பக்கத்தில் பெயருக்குப் பதிலாகப் பொருளற்ற லத்தீன் எழுத்துக் குவியல் நிற்கும். ஏற்றுவதற்கு முன்பே யுனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றிய பிறகும் தரவுத்தளத்தின் குறியாக்கம் யூ.டி.எஃப்-8 ஆக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய மைஎஸ்கியூஎல் அமைப்புகளில் லத்தீன் குறியாக்கமே இயல்பாக இருந்தது, அதில் தமிழைப் போட்டால் கேள்விக்குறிகளே திரும்பி வரும். யூ.டி.எஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் வேண்டும். ‘கொ’ என்பது இரண்டு குறிகள், ஆறு பைட். ஒரு பெயருக்கு முப்பது பைட் போதும் என்று ஒதுக்கியவர் நீளமான பெயரின் வாலை இழப்பார்.

இரண்டாவது, நேரம். மேகச் சேர்வர்கள் உலகப் பொதுநேரத்தில் ஓடும். இலங்கை அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். அதாவது பதுளையில் நள்ளிரவு தாண்டி ஐந்தரை மணி வரை சேர்வருக்கு முந்திய திகதிதான். கொழுந்து நிறுப்பவருக்கு இதனால் தொந்தரவில்லை. ஆனால் தேயிலைத் தொழிற்சாலை அப்படியல்ல. பகலில் வந்த கொழுந்து இரவெல்லாம் வாடி, பின்னிரவில்தான் உருட்டும் இயந்திரத்துக்குப் போகும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை காய்ந்த காற்று வீசும் ஊவாவின் தரப் பருவத்தில் தொழிற்சாலைகள் அந்த இரவு நேரங்களையே நம்பி இருக்கின்றன. அதிகாலை இரண்டு மணிக்கு வேலை பார்த்தவரின் வரவைத் திகதி பார்க்காமல் பதிந்தால் அது முதல் நாள் கணக்கில் விழும். ‘ஆசியா/கொழும்பு’ என்ற நேரவலயத்தைச் செயலியில் குறிப்பிட்டுவிட்டால் தீர்ந்தது. 1996இல் இலங்கை நேரத்தை முன்தள்ளியதும் 2006 ஏப்ரலில் பழையபடி ஐந்தரைக்குத் திரும்பியதும்கூட அந்த வலயத்துக்குத் தெரியும்.

மூன்றாவது, தூரம். இங்கேதான் மென்பொருள்காரர்கள் தேவைக்கு அதிகமாகக் கவலைப்படுகிறார்கள் என்று தோன்றுகிறது. பல தளங்கள் எதையும் கேட்காமல் செயலியை அமெரிக்காவில் வைத்துவிடும். கொழும்பிலிருந்து வர்ஜீனியா ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். ஒளியிழையில் ஒளி வினாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர மட்டும் ஒரு வினாடியில் ஏழில் ஒரு பங்கு. ஒரு பாதுகாப்பான பக்கம் திறக்க மூன்று நான்கு தடவை போய்வர வேண்டும் என்பதால் அரை வினாடி வழியிலேயே கழியும். மும்பை 1,500 கிலோமீட்டர்தான். அமேசன் 2016இல் அங்கே நிலையம் திறந்தது. மைக்ரோசொப்ட் 2015 முதல் சென்னையில் இருக்கிறது. டிஜிட்டல்ஓஷன் பெங்களூரில். ரெண்டரில் சிங்கப்பூரைத் தெரிவு செய்யலாம். கணக்குத் திறக்கும்போது அருகிலுள்ள இடத்தைத் தெரிவு செய்வதற்குக் காசில்லை, ஆகவே செய்யலாம்.

ஆனால் ஊவாவில் உண்மையான தடை கடலுக்கு அடியில் இல்லை. கடைசி மலை முகட்டுக்கும் லயத்துக்கும் நடுவில் இருக்கிறது. 2021இல் கொவிட் காலத்தில், லுணுகலைப் பக்கம் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் இணைய வகுப்புக்காக ஆசிரியையோடு காட்டு வழியே பாறை உச்சிக்கு ஏறிப்போன செய்தி உலகம் முழுவதும் வெளிவந்தது. அவர்களுக்குச் சேர்வர் மும்பையில் இருந்தால் என்ன, வர்ஜீனியாவில் இருந்தால் என்ன? அங்கே பயன் தருவது பக்கத்தின் பாரத்தைக் குறைப்பதுதான். படங்களையும் அலங்கார எழுத்துருக்களையும் கழற்றிய ஒரு படிவம் சில பத்து கிலோபைட்டில் முடியும். சிக்னல் இல்லாதபோது தொலைபேசியிலேயே சேமித்து வைத்து, கிடைத்தபோது அனுப்பும் வசதியை இன்றைய உலாவிகள் தருகின்றன. பல வேளைகளில் இன்னும் எளிய பதில் இருக்கிறது. தகவலை வாசிக்க மட்டுமே கொடுக்கும் பக்கத்துக்குச் சேர்வரே வேண்டாம். தோட்டத்து நூலகத்தின் புத்தகப் பட்டியலுக்கு, கோயில் திருவிழா அறிவித்தலுக்கு, பாடசாலையின் பழைய வினாத்தாள் தொகுப்புக்கு கிட்ஹப் பேஜஸ், நெட்லிஃபை, கிளவுட்ஃபிளேர் போன்றவற்றில் நிலைப்பக்கமாகப் போட்டுவிட்டால் அது தூங்காது, தரவுத்தளம் காலாவதியாகாது, மாதப் பட்டியலும் வராது. செயலி எழுதத் தெரிந்தவர்களுக்கு இந்த யோசனை பிடிப்பதில்லை. எழுதத் தெரிந்ததைக் காட்டத்தானே கை துடிக்கும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கேள்வியை முடிக்க முடியாது. பல ஆண்டுகளாக உலகெங்கும் மாணவர்கள் ஹெரோக்குவின் இலவசப் பிரிவிலேயே தங்கள் முதல் செயலியை ஏற்றினார்கள். பயிற்சி நூல்கள் அதை வைத்தே எழுதப்பட்டன. 2022 நவம்பர் 28ஆம் திகதி அந்த இலவசப் பிரிவு மூடப்பட்டது. காசு கட்டாத செயலிகள் நின்றன, தரவுத்தளங்கள் அழிக்கப்பட்டன. இலங்கைக்கு அது இதைவிட மோசமான ஆண்டில் வந்திருக்க முடியாது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டிருந்தது. மாதம் 7 டொலர் என்ற அடிப்படைக் கட்டணம் ரூபாயில் 2,500ஐத் தாண்டியது. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 மார்ச்சில் நிர்ணயித்த 1,000 ரூபாய். கொழும்பில் ஒரு கோப்பிக் கடைச் செலவாகத் தெரியும் தொகை, ஊவாவில் இரண்டரை நாள் வேலை. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது, டொலரும் 300 அளவுக்கு இறங்கியது. அப்படியும் அந்தக் கட்டணம் ஒரு நாள் சம்பளத்துக்கு மேல் இருந்தது.

தொகையைவிடப் பெரிய தடை அட்டை. பல தளங்கள் இலவசக் கணக்குக்கும் கடனட்டை இலக்கம் கேட்கும். லயத்தில் வளர்ந்த ஒரு மாணவியிடம் கடனட்டை எங்கே இருக்கும்? சாதாரண வங்கி அட்டை இருந்தாலும் வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு வங்கியில் சொல்லித் திறக்க வேண்டும். பொருளாதார நெருக்கடிக் காலத்தில் அதற்கும் கட்டுப்பாடு வந்தது. ஆகவே நடப்பது என்னவென்றால், சித்தப்பாவின் அட்டையோ விரிவுரையாளரின் அட்டையோ கடன் வாங்கப்படும். செயலியின் ஆயுள் அந்த அட்டையின் காலாவதித் திகதியோடு கட்டப்படும்.

செலவைக் குறைக்கும் வழிகளும் உண்டு. பல்கலைக்கழக மாணவர் என்று நிரூபித்தால் கிட்ஹப் மாணவர் பொதியில் ஹெரோக்கு, டிஜிட்டல்ஓஷன் போன்றவற்றில் குறிப்பிட்ட காலத்துக்குக் கழிவுத்தொகை கிடைக்கிறது. பட்டம் முடிந்தால் பொதியும் முடியும். பைதன்எனிவேர் ஒரு சிறு செயலியை இலவசமாக வைத்திருக்க விடுகிறது, ஆனால் குறித்த காலத்துக்கு ஒரு தடவை உள்ளே போய் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்த மறந்தால் பக்கம் நின்றுவிடும். ரெண்டரின் இலவசச் செயலி 15 நிமிடம் யாரும் வராவிட்டால் தூங்கிவிடும். அடுத்து வருபவர் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். தளக்காரர்களைக் குறை சொல்வதற்கில்லை. இலவச இடம் என்பது ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் இருக்கும் லயம் மாதிரி. ஒரு வீட்டில் சத்தம் கூடினால் எல்லோருக்கும் தூக்கம் போகும், ஆகவே கட்டுப்பாடுகள் வைக்கிறார்கள். ரூபாயில் பட்டியல் வேண்டுமென்றால் எஸ்.எல்.டி., டயலொக் போன்ற உள்ளூர் நிறுவனங்களின் தரவு மையங்கள் இருக்கின்றன. அவற்றின் வாடிக்கையாளர் வங்கிகளும் பெரிய கம்பனிகளும். ஒரு சிறு செயலிக்கான பத்து நிமிட வசதி அங்கே இன்னும் அவ்வளவு இலகுவாகக் கிடைப்பதில்லை.

சரி, காசு இருந்தால் பாதுகாப்பா? அரசாங்கத்தின் அனுபவம் வேறு சொல்கிறது. 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி ‘லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்’ மீது பணயத் தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை, ஏனென்றால் அந்தக் காலத்துக்குப் பிரதி எடுக்கப்படவில்லை. பயன்பாட்டில் இருந்தது 2013ஆம் ஆண்டு மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச். தென்கொரியா இலங்கையைவிட எவ்வளவோ வசதி படைத்த நாடு. அங்கேயும் 2025 செப்டெம்பர் 26ஆம் திகதி தேஜோன் நகரத்து அரச தரவு மையம் தீப்பிடித்தபோது அரச ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகள் வெளிப்பிரதி இல்லாமல் எரிந்துபோயின. கொழுந்துக் கணக்குச் செயலி இவற்றோடு ஒப்பிடத் தூசு. அதனாலேயே அதன் தரவை இரவுக்கு ஒரு தடவை வேறொரு கணக்குக்கு நகலெடுப்பது சில வரி நிரலில் முடியும். அந்தச் சில வரிகளை எழுதாதவருக்கு ‘கிளவுட்டில்தானே இருக்கிறது’ என்ற ஆறுதல் மட்டும் மிஞ்சும்.

நல்ல முன்மாதிரிகளும் நாட்டுக்குள்ளேயே இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, லங்கா சொஃப்ட்வெயர் ஃபவுண்டேஷனைச் சுற்றித் திரண்ட தன்னார்வலர்கள் ‘சஹானா’ என்ற வலைச்செயலியைச் சில வாரங்களில் எழுதினார்கள். காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, எந்த முகாமுக்கு என்ன தேவை என்ற பட்டியல். பி.எச்.பி., மைஎஸ்கியூஎல் என்று அந்தக் காலத்து எளிய கட்டு. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸின் தென் லெய்ட்டேயில் கின்சாவ்கன் கிராமத்தை மண்சரிவு மூடியபோதும் அதை எடுத்துப் பயன்படுத்தினார்கள். 2006இல் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை அதற்குச் சமூகப் பயன் விருது கொடுத்தது. கின்சாவ்கனைப் பற்றிப் படிக்கும் ஊவாக்காரருக்கு மீரியபெத்தை நினைவுக்கு வராமல் இருக்காது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தைப் பகுதியின் அந்தத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு, காணாமற்போனோர் நூறு, இருநூறு, முந்நூறு என்று எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். ஆட்களின் பெயர்ப் பதிவுக்காகவே இலங்கையர் எழுதிய ஒரு செயலி உலகமெல்லாம் சுற்றிக்கொண்டிருந்த பத்தாண்டில் நடந்தது இது.

இரண்டாவது உதாரணம் எல்லோர் சட்டைப் பையிலும் இருந்தது. 2022 ஜூலை 16ஆம் திகதி அறிமுகமான தேசிய எரிபொருள் அட்டை வெளிப்பார்வைக்கு ஒரு சாதாரண வலைச்செயலி: அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், அடிச்சட்ட இலக்கம், பதிலுக்கு ஒரு கியூஆர் குறி. லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கதவைத் தட்டும்போது அதைத் தாங்க எத்தனை இயந்திரங்கள் வேண்டும் என்பது மேகத் தளங்களுக்கே உரிய கணக்கு. ஆனால் அதன் வெற்றிக்கு இன்னொரு காரணமும் உண்டு: குறியைக் கடதாசியில் அச்சடித்தாலும் செல்லும். பதுளை, பண்டாரவளை நகரங்களின் கொமியூனிகேஷன் கடைகளில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறையிட்டு, முச்சக்கரவண்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார்கள். ஸ்மார்ட் தொலைபேசி இல்லாதவருக்கும் பெட்ரோல் கிடைத்தது. 2023 செப்டெம்பர் 1ஆம் திகதி அந்த முறை நிறுத்தப்பட்டது. ஆரம்பமும் முடிவும் உள்ள, கடைசி வரை பொறுப்பாளர் இருந்த ஒரு செயலி. அது அபூர்வம்.

மூன்றாவது, சத்தமில்லாத உதாரணம். 2005இல் தன்னார்வ முயற்சியாகத் தொடங்கிய நூலகம் என்ற இலங்கைத் தமிழ் மின்னூலகம் விக்கிப்பீடியா ஓடும் அதே மீடியாவிக்கி மென்பொருளில் ஓடுகிறது. மலையக நூல்களும் இதழ்களும் அதில் சேர்ந்துகொண்டே வருகின்றன. இருபது ஆண்டு தாண்டியும் அது திறக்கிறது என்றால், அதற்குக் காரணம் மென்பொருள் மட்டுமல்ல. கணக்குகளும் முகவரியும் ஒரு தனியாளின் பெயரில் நில்லாமல் ஒரு நிறுவனத்தின் பெயரில் நின்றதும், சேர்வர் செலவு ஆண்டுதோறும் வரவு செலவில் ஒரு வரியாக இருந்ததும்தான்.

இந்த இடத்தில் சட்டமும் நுழைகிறது. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பெயரும் அடையாள அட்டை இலக்கமும் வருமானமும் சேர்த்து வைப்பவருக்குப் பொறுப்புகளை வைக்கிறது. கொழுந்துக் கணக்கில் பெயரும், வருமானத்தைக் காட்டும் எடையும் இருக்கின்றன. யார் பார்க்கலாம் என்ற கேள்வி சட்டப் புத்தகத்துக்கு வெளியேயும் கூர்மையானது. காலையில் 6, பகலில் 7, அந்தியில் 6, ஆக 19 கிலோ. கழிவு 2 போக 17. அளவு 18 ஆக உள்ள தோட்டத்தில் அது அரைப்பேர். அந்த இரண்டு கிலோ எதற்காகப் போனது என்பது மலையகத்தின் மிகப் பழைய தகராறு. கணக்கப்பிள்ளைக்கும் காரியாலயத்துக்கும் மட்டும் கடவுச்சொல் கொடுத்தால் செயலி பழைய கொப்பியின் மின்வடிவம்தான். கொழுந்து எடுத்தவருக்கும் தன் வரியைத் தமிழில் வாசிக்க வழி வைத்தால் நிலைமை மாறும். மேலே சொன்ன கணக்கு ஒரு குறுஞ்செய்திக்குள் அடங்கும், தமிழில் ஒரு செய்திக்கு 70 எழுத்துக் குறிகள்தான் என்றாலும். எந்தத் தளத்தில் ஏற்றுவது என்று விவாதிக்கும் நேரத்தில் பாதியையாவது இந்த முடிவுக்குச் செலவழிக்கலாம்.

கடைசியாகக் கைமாற்றம். பயிற்சிக்காக வரும் மாணவர் ஆறு மாதத்தில் போய்விடுவார். போகும்போது தளக் கணக்கு, கிட்ஹப் களஞ்சியம், முகவரிப் பெயர், தரவுத்தளக் கடவுச்சொல், பிரதி எங்கே போகிறது என்ற விவரம், மாதக் கட்டணம் எந்த அட்டையில் போகிறது என்ற விவரம் ஆகிய இவ்வளவும் அவருடைய சொந்த மின்னஞ்சலோடு போய்விடுவது வழக்கம். தொடக்கத்திலேயே சங்கத்தின் பெயரில் அல்லது பாடசாலையின் பெயரில் ஒரு மின்னஞ்சல் திறந்து, எல்லாவற்றையும் அதில் பதிந்து, இரண்டு பேரிடம் திறப்பைக் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி எழவே எழாது. முகவரி தமிழிலேயே வேண்டுமென்றால் ‘.இலங்கை’ 2010 முதல் இருக்கிறது. அதையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க ஆள் வேண்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தின் மலைகள் பல இடங்களில் சரிந்தன. வீதியும் ரயில் பாதையும் மின்கம்பிகளும் தொலைத்தொடர்பும் அறுந்தன. அந்த நாட்களில் மும்பையில் ஓடிய எந்தச் செயலிக்கும் ஒன்றும் ஆகவில்லை. எட்டிப் பார்க்கத்தான் மலையில் யாருக்கும் வழியில்லை. சஹானாவை எழுதியவர்கள் அதை ஒரு மடிக்கணினியிலும் தனியாக ஓட்டலாம் என்ற நிலையில் வைத்திருந்தது இப்படிப்பட்ட நாளுக்காகத்தான். ஒவ்வொரு அந்தியிலும் அன்றைய பட்டியலை ஒரு தாளில் அச்சடித்து மடுவத்துச் சுவரில் ஒட்டும்படி செயலியில் ஒரு பொத்தான் வைக்க அரை மணி நேரம் போதும். அந்தத் தாளைக் கொழுந்து எடுத்தவர்களும் நின்று வாசிக்கலாம்.